எஃப் கார்டில் சிக்கிய காதல் பாட்டு

கேரளத்துக் கொழிஞ்சாம்பாறையில், வீட்டுத் திண்ணையில்தான் கிட்டாரோடு முதல் காதல் பாட்டை ஆரம்பித்தேன். சி, ஏ மைனர், எஃப், ஜி என்று நான்கு கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டங்கள்). எஃப் வந்தாலே ஆறு கம்பியையும் ஒரே விரலால் அழுத்த முடியாமல் பாட்டு நொண்டியது. பாலக்காட்டுக்குப் பஸ் ஏறி ஒரு கேப்போ, அதாவது எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அழுத்திப் பிடிக்கும் கவ்வி, வாங்கி வந்தேன். அதை கிட்டார் கழுத்தின் 5ஆவது ஃப்ரெட்டில் (கட்டையில்) மாட்டி, ஜி, ஈ மைனர், சி, டி என்ற எளிய கார்டுகளைப் பிடித்தால் அதே சுருதி, அதே மெட்டு. விரலுக்கு விடுதலை!

அப்புறம் வரிகள். 'உன்னையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்' தாளத்துக்குள் அடங்கவே இல்லை. (கடிதத்துக்குச் சரி, பாட்டுக்கு ஆகாது.) நாற்று நடும்போது பாட்டி பாடுவாளே, அதுபோல முதலில் 'தன்னானே தானனனே' என்று முனகினேன். அந்தக் குறில் நெடிலுக்குச் சொல் தேடியதும் 'நெல்காயும் வாசலிலே' வந்து உட்கார்ந்தது. நான் காதலிக்கும் பெண்ணோ மலையாளம் மட்டும் படித்தவள். எழுதிக் கொடுக்க முடியாது, பாடித்தான் காட்ட வேண்டும். அதற்குத்தான் இன்னும் தைரியம் வரவில்லை.