கலங்கல் தண்ணீர் காட்டிக்கொடுத்த ஓட்டை

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் தோட்டத்து மண் தடுப்பணை ஆறடி உயரம்தான். ஐப்பசி மழையில் நிரம்பிய தண்ணீர் நாலே நாளில் பாதியானது. வெளிப்பக்க அடியில் கசிவு.

முதலில் கரிசல் மண்ணை அள்ளி உள்சரிவில் பூசினோம். வெயிலில் பாளம் பாளமாக வெடித்தது. அப்புறம் தார்ப்பாய் விரித்தோம். அதுவும் வீண்.

பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் கசிவை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடிக்கச் சொன்னார். தெளிந்த நீரென்றால் பரவாயில்லையாம். எங்கள் டம்ளரின் அடியில் ஒரு விரற்கடை வண்டல் படிந்தது. கரைக்குள் மண் அரித்துக்கொண்டிருக்கிறது!

காற்றில்லாத விடியலில் தண்ணீர் மேல் உமியைத் தூவினேன். ஓரிடத்தில் மட்டும் மெல்லச் சுழன்றது. நீரை இறைத்துவிட்டு அங்கே தோண்டினால், மட்கிப்போன பழைய புளிய வேர், குழாய் போல.

வேரை முழுக்க எடுத்து, கெட்டித் தரை வரை வெட்டி, பிடித்தால் உருண்டையாக நிற்கும் ஈரத்தில் களிமண்ணை அரையடி அரையடியாகப் போட்டுத் திமிசுக் கட்டையால் இடித்தோம். வெளி அடியில் மணல், அதன்மேல் ஜல்லி, கடைசியாகக் கல்.

அடுத்த மழைக்குப் பிறகும் டம்ளரில் பிடித்தேன். கொஞ்சம் கசிகிறது, ஆனால் கண்ணாடி மாதிரி தெளிவு.