பூனைக்குட்டியின் பேசினுக்கு என்ன தூள் போடலாம்? மலைநாட்டு ஈரத்துக்கு ஏற்ற தெரிவு

மஸ்கெலியா, ஹட்டன், நுவரெலியா பக்கம் வீட்டுக்குள்ளேயே பூனைக்குட்டி வளர்ப்பவர்களுக்கு வரும் முதல் தொல்லை நாற்றம். கதவையும் ஜன்னலையும் குளிருக்குச் சாத்திவிட்டால் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஒரு குட்டியின் மூத்திரமே போதும். உடனே குட்டி மலசலம் கழிக்கும் பேசினில் போட, நகரத்துக் கடையில் லவெண்டர் வாசனை போட்ட பூனை மண்ணை வாங்கி வருகிறார்கள். அது காசுக்குக் கேடு.

குட்டியின் புதிய மூத்திரம் பெரிதாக நாறாது. அதிலுள்ள யூரியாவைக் கிருமிகள் உடைத்து அமோனியாவாக்கும்போதுதான் மூக்கைத் துளைக்கும். அதற்கு ஈரமும் நேரமும் வேண்டும். மழைக்காலத்தில் துவைத்த துணியே மூன்று நாளாகக் காயாத ஊரில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. ஆகவே தூள் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், ஈரத்தை உறிஞ்ச வேண்டும், நனைந்த பகுதியை அன்றன்றே அள்ளிவிட வேண்டும். வாசனை இதில் எதையும் செய்யாது. பேசினுக்குள் முகத்தை வைத்துத் தோண்டும் குட்டிக்கு அந்த வாசனை நம்மைவிடப் பல மடங்கு உறைக்கும். பிடிக்காமல் போனால் கம்பளிக்குள் போய் மூத்திரம் இருந்துவிடும்.

குட்டிக்கு நான்கு மாதம் ஆகும்வரை கட்டியாகும் பூனை மண்ணும் வேண்டாம். அது பெரும்பாலும் பென்டனைட் களிமண். நனைந்தால் பருத்து இறுகுவதுதான் அதன் வேலை. மூன்று நான்கு வாரத்தில் பேசினில் இருக்கப் பழகும் குட்டி, கண்ணில் பட்டதையெல்லாம் வாயில் போட்டுப் பார்க்கும். விழுங்கிய மண் குடலிலும் பருத்து அடைக்கக்கூடும். ஈரக்காலில் ஒட்டியதை நக்கியும் உள்ளே போகும்.

மலைநாட்டில் குட்டிக்குப் பொருத்தமானதும் மலிவானதும் மரச்சீவல்தான். ஆனால் எந்த மரத்தூளும் ஆகிவிடாது. மர ஆலையில் வாளடியில் மாவாகக் கொட்டிக் கிடப்பதை விட்டுவிட்டு, சீவுளி மெஷினில் விழும் மெல்லிய சீவலைக் கேளுங்கள். மாவுத்தூள் பறந்து குட்டியின் கண்ணிலும் மூக்கிலும் போகும். தும்மலும் கண்ணீரும் அதனால்தான். என்ன மரம், மருந்து ஏற்றியதா என்பதையும் கேட்டுவிட வேண்டும். றபர் பலகைக்குப் பூச்சி மருந்து ஏற்றுவது வழக்கம், அது வேண்டாம். பச்சை யூகலிப்டஸ், பச்சை பைனஸ் இரண்டும் எண்ணெய் வாடை அடிக்கும். அந்த எண்ணெய்களைப் பூனையின் ஈரல் நம்முடையதைப் போல உடைத்து வெளியேற்றாது. வாடை குறைந்த, நன்கு காய்ந்த அல்பீசியா போன்ற மென்மரச் சீவல் நல்லது.

வாங்கும் இடத்திலேயே பார்த்துவிடலாம். ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிடித்து விடுங்கள்: உதிர்ந்தால் காய்ந்தது, உருண்டையாக நின்றால் ஈரம். முகர்ந்தால் புளித்த வாடையோ பூஞ்சண வாடையோ இருக்கக்கூடாது. நெஞ்சு உயரத்திலிருந்து கொட்டும்போது வெளிச்சத்தில் புகை மாதிரி எழுந்தால், வீட்டுக்கு வந்ததும் வாசலில் வைத்து அரிதட்டால் சலித்து மாவைக் கழித்துவிட வேண்டும்.

சாக்கிலும் கவனம் தேவை. தோட்டப் பக்கம் கைக்கு முதலில் அகப்படுவது உரப் பையும் களைமருந்துப் பெட்டியும்தான். எத்தனை முறை கழுவினாலும் அவற்றில் சீவல் போடாதீர்கள். 50 கிலோ அரிசிச் சாக்கு ஒன்று ஏறக்குறைய 60 லீற்றர் பிடிக்கும். வெயில் கிடைக்கும்போதே ஒரு சாக்குச் சீவலைக் காயவைத்து மூடியுள்ள வாளிகளில் சேர்த்துவிட்டால் மழையில் திண்டாட வேண்டியதில்லை. மேற்குச் சரிவில், அதாவது ஹட்டன், தலவாக்கலை பக்கம், ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல வெயில். பண்டாரவளை, பதுளை பக்கம் ஜூலை, ஓகஸ்ட். சாக்கை சிமெந்துத் தரையில் வைத்தால் அடி நனைந்துவிடும், பலகைமேல் வையுங்கள்.

சீவல் கிடைக்காத இடத்தில் தும்புத்தூள் பரவாயில்லை. ஈரத்தை நன்றாக இழுக்கும், வாடையும் குறைவு. நாற்றுமேடைக்கு விற்கும் அமுக்கிய கட்டியைத் தண்ணீரில் ஊறவைக்காமல் காய்ந்தபடியே உடைத்து உதிர்க்க வேண்டும். உரம் கலந்த கட்டியா என்று உறையைப் பாருங்கள். வீடெங்கும் கபிலக் கால்தடம் வரும், அதைச் சகிக்கத்தான் வேண்டும்.

கிழித்த பத்திரிகைத் தாள் முதல் ஒரு வாரத்துக்கு, அல்லது காயம்பட்ட குட்டிக்கு நல்லது, தூசி இல்லை. ஆனால் நாற்றத்தைப் பிடித்துவைக்காது, நாளுக்கு இருமுறை முழுவதும் மாற்ற வேண்டிவரும். உமி தண்ணீரை உறிஞ்சாது, மூத்திரம் நேரே அடிக்குப் போய்த் தேங்கும். ஆற்று மணலைக் குட்டிகள் விரும்பித் தோண்டும், நாற்றத்துக்கு உதவாது. பழக்குவதற்காகச் சீவல்மேல் ஒரு பிடி தூவலாம். சிலிக்கா மணிகள் காற்றிலுள்ள ஈரத்தையே குடித்து மழைக்காலத்தில் சீக்கிரம் தீர்ந்துவிடும். சோயாவிலும் சோளத்திலும் செய்த பூனை மண் வகைகள் பை திறந்தபின் ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கக்கூடும். குட்டி தின்னவும் பார்க்கும். சாயம் இறங்கிய தேயிலைச் சக்கையைக் காயவைத்துப் போடலாமா என்று கேட்பவர்களும் உண்டு. வேண்டாம். கஃபீன் பூனைக்கு நஞ்சு, சக்கையிலும் அது மிஞ்சியிருக்கும்.

அடுப்புச் சாம்பல் பழைய வழக்கம். நாற்றத்தை அடக்கும் என்று நம்பிப் போடுகிறார்கள், நடப்பது நேர்மாறு. சாம்பல் காரத்தன்மை உள்ளது. காரம் சேர்ந்தால் மூத்திரத்திலுள்ள அமோனியா இன்னும் வேகமாகக் காற்றுக்கு வரும். ஈரத்தோடு சேர்ந்து பாதத்தையும் அரிக்கும். சுண்ணாம்பும் அப்படியே. அப்பச்சோடாவும் அமோனியாவுக்குப் பெரிதாக உதவாது, நக்கும் வயதில் அதைத் தவிர்ப்பதே நல்லது.

இனி போடும் முறை. குட்டிக்கு 30க்கு 40 சென்டிமீற்றர் பிளாஸ்டிக் பேசின் போதும். ஏறும் பக்கத்தில் விளிம்பு 5 சென்டிமீற்றருக்கு மேல் இருந்தால் வெட்டித் தாழ்த்தி, வெட்டிய ஓரத்தை டேப்பால் ஒட்டுங்கள். இரண்டரை சென்டிமீற்றர் கனத்துக்குச் சீவல் பரப்ப 3 லீற்றர் வேண்டும். இரண்டு லீற்றர் ஐஸ்கிரீம் டப்பாவால் ஒன்றரை. அதற்குக் குறைந்தால் மூத்திரம் அடியில் தேங்கும், மிகவும் கூடினால் சின்னக் குட்டி கால் புதைந்து பயப்படும். இரண்டு குட்டிகளுக்கு இரண்டு பேசினாவது வேண்டும். வாரம் இருமுறை முழுவதும் மாற்ற மட்டும் இரண்டுக்கும் வாரத்துக்கு 12 லீற்றர் போகும், அந்தக் கணக்கில் ஒரு சாக்கு ஐந்து வாரம். தினம் அள்ளிய அளவுக்குப் போடுவதையும் சேர்த்தால் அதைவிடச் சீக்கிரம் தீரும்.

சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் குட்டி பேசினை ஒதுக்கும். சாரல் அடிக்கும் இஸ்தோப்பும் சரிவராது. காம்பராவில் ஆள் நடமாட்டம் குறைந்த, காற்று கொஞ்சம் ஓடும் மூலை சரி. சிமெந்து மூத்திரத்தை உறிஞ்சி மாதக்கணக்கில் நாறும், அதனால் அடியில் தடித்த பொலித்தீன் விரிக்கவும். தூங்கி எழுந்ததும், தின்றதும் குட்டியைத் தூக்கிப் பேசினில் விடுங்கள். அதன் காலைப் பிடித்துத் தோண்டிக் காட்டத் தேவையில்லை.

காலையும் மாலையும் மலத்தைப் பழைய கண்ணகப்பையால் எடுத்துவிட்டு, நனைந்த இடத்தை அடிவரை கரண்டியால் வழித்து, அள்ளிய அளவுக்குப் புதுச் சீவல் போட வேண்டும். மேலே காய்ந்து தெரிந்தாலும் சீவலுக்கு அடியில்தான் ஈரம் இருக்கும். ஒரு மூலையைத் தள்ளிப் பார்க்காமல் நம்பாதீர்கள். முழுவதும் மாற்றும் நாளில் பேசினைச் சுடுநீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் போட்டுத் தேய்த்து, அடுப்புப் பக்கம் நன்றாகக் காயவிடவும். மாற்றி மாற்றி வைக்க உதிரியாக ஒரு பேசின் இருந்தால் ஈரப் பேசினில் சீவல் கொட்டும் அவசரம் வராது. டெட்டோல், பினாயில் இரண்டையும் பேசினுக்குக் கிட்டே கொண்டுபோகக்கூடாது. பீனோல் வகை மருந்து பூனைக்கு நஞ்சு. மூத்திரம் இருக்கும் பேசினில் குளோரின் ஊற்றினால் மூச்சைத் திணறடிக்கும் வாயு எழும்.

கழுவிய தண்ணீரைப் பீலிக்கரையிலோ கானிலோ விடாதீர்கள். அழுக்குச் சீவல் லீக்ஸ், கரட் பாத்திக்கு உரமாகவும் ஆகாது. பூனை மலத்தில் டொக்ஸோபிளாஸ்மா கிருமியும் புழு முட்டையும் இருக்கக்கூடும். டொக்ஸோபிளாஸ்மா தொற்றும் நிலைக்கு வர 1 முதல் 5 நாள் எடுக்கும் என்பதால் தினம் அள்ளுவது மனிதர்களுக்கும் பாதுகாப்பு. கர்ப்பிணிகள் இந்த வேலையை வேறொருவரிடம் விடட்டும். முடியாவிட்டால் கையுறை போட்டுச் செய்து, பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கழிவைத் தாளில் சுற்றி, ஓடைக்கும் பாத்திக்கும் தள்ளி இரண்டடிக் குழியில் புதைக்கலாம்.

எல்லாம் சரியாக இருந்தும் குட்டி வேறிடம் தேடினால் முதலில் அடுப்பைப் பாருங்கள். இரவில் ஆறிய சாம்பல் அதற்கு மிருதுவான, இளஞ்சூடான பேசின்தான். உள்ளே தணல் கிடந்தால் கால் வெந்துவிடும், ஆகவே படுக்குமுன் அடுப்பு வாயைத் தகரத்தால் மூடுங்கள். பேசின் விளிம்பில் கால் வைத்துக்கொண்டு சீவலைத் தொடாமல் இருந்தால் தூள் பிடிக்கவில்லை அல்லது ஈரம் என்று அர்த்தம். சீவலைத் தொடர்ந்து தின்றால் தாளுக்கு மாறி, இரத்தசோகையா புழுவா என்று மிருக வைத்தியரிடம் காட்டவும். திடீரென நாற்றம் கூடி மலம் தண்ணீராகப் போனால் தூளைக் குறை சொல்லிப் பயனில்லை. குட்டிக்கு உடம்பில் நீர் வற்ற ஒரு நாள் போதும், அன்றே கொண்டுபோங்கள். முக்கியும் மூத்திரம் வராவிட்டால் ஒரு மணி நேரமும் தாமதிக்கக்கூடாது. கண்டிப் பக்கத்தில் இருப்பவர்களுக்குப் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்தியசாலை இருக்கிறது.

நான்கு மாதத்துக்குப் பிறகு கட்டியாகும் மண்ணுக்கு மாற விரும்பினால் வாசனையில்லாததை எடுங்கள். சீவலில் கால் பங்கு மண் கலந்து தொடங்கி, மூன்று நாளுக்கு ஒருமுறை இன்னொரு கால் பங்கு கூட்டலாம். கடுவனாக இருந்தால் ஐந்து ஆறு மாதத்தில் மூத்திரமே காரமாக நாறத் தொடங்கும். அதைத் தடுக்க எந்தத் தூளும் இல்லை, அதற்குமுன் கருத்தடை செய்துவிட வேண்டும்.