குழந்தையின் விரல் வளைந்திருந்தால் வீட்டில் பார்க்க வேண்டியவை

சுண்டுவிரல் மோதிர விரல் பக்கம் சாய்ந்திருந்தால், முதலில் எண்ணெய் போட்டு இழுத்து நீவுவதை நிறுத்துங்கள். விரலின் நடு எலும்பு ஒரு பக்கம் குட்டையாக அமைந்திருப்பதால்தான் இந்தச் சாய்வு. நீவினாலும் குச்சி வைத்துக் கட்டினாலும் எலும்பின் வடிவம் மாறாது. பிள்ளைக்கு வலிதான் மிச்சம்.

குழந்தை அயர்ந்து தூங்கும்போது கையை ஒரு தாளின் மேல் குப்புற வைத்து, விரல்களை மெல்ல விரித்து, நேர் மேலிருந்து போட்டோ எடுங்கள். இரண்டு கையையும் எடுக்க வேண்டும். பிறகு அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி கைகளைப் பாருங்கள். பெரும்பாலும் அவர்களில் ஒருவருக்கு அதே சாய்வு இருக்கும். சுமார் 10 டிகிரி வரை இயல்புதான். கடிகாரத்தின் பெரிய முள் 2 நிமிடத்தில் நகரும் தூரம் 12 டிகிரி, அதைவிடக் கொஞ்சம் குறைவு என்று கண்ணால் கணக்கிடலாம். 6 மாதம் கழித்து அதே மாதிரி எடுத்து ஒப்பிடுங்கள்.

வடிவத்தைவிட வேலைதான் முக்கியம். ஒரு வயதை நெருங்கும் பிள்ளை முன் ஒரே ஒரு பொரியை வைத்து, பக்கத்திலேயே இருந்து கவனியுங்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து எடுத்துவிட்டால், சுண்டுவிரல் சாய்வால் ஒரு குறையும் இல்லை.

கட்டைவிரல் கதை வேறு. சில பிள்ளைகளுக்கு 1 முதல் 3 வயதுக்குள் அதன் நுனி மடிந்தபடியே நிற்கும், நிமிர்த்தினால் நிமிராது, அடியில் உள்ளங்கைப் பக்கம் சிறு கட்டி தட்டுப்படும். தசைநார் தன் உறைக்குள் வழுக்கிப் போக முடியாமல் சிக்குவதுதான் காரணம். எலும்பு விலகிவிட்டதாக நினைத்துக் கட்டுப் போடும் இடத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். சில பிள்ளைகளுக்குத் தானாகவே சரியாகும், மற்றவர்களுக்குச் சின்ன அறுவை சிகிச்சை போதும். பச்சிளம் குழந்தை கட்டைவிரலை உள்ளே வைத்து மூடுவது இயல்பு. 4 மாதத்துக்குப் பிறகும் திறக்கவே இல்லையென்றால் காட்டுங்கள்.

ஆறாம் விரலை நூலாலோ தலைமுடியாலோ கட்டி விழவைக்கக் கூடாது. சீழ் பிடிக்கும், ரத்தம் கசியும், நரம்பு நுனி தடித்துத் தொட்டாலே வலிக்கும் முண்டாக நிற்கும்.

வீக்கம், வலி, புதிதாக வந்த வளைவு, கூடிக்கொண்டே போகும் சாய்வு, ஒட்டிய கைவிரல்கள், விரல் வளைவோடு சேர்ந்து பிள்ளையின் வளர்ச்சியும் மந்தம்: இவற்றில் எதுவானாலும் டாக்டரிடம் போங்கள். ஆண்டுக்கு 2 முறை அங்கன்வாடிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் காட்டலாம். இல்லையென்றால் பென்னாகரம், அரூர் பக்கத்தார் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும், தேன்கனிக்கோட்டை, ஊத்தங்கரை பக்கத்தார் கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் போகலாம். எடுத்த போட்டோக்களைக் கொண்டுபோங்கள். எக்ஸ்ரே முன்கூட்டியே எடுக்க வேண்டாம். தேவையென்றால் அவர்களே சொல்வார்கள்.