பிரின்டர் மை சீக்கிரம் தீர்கிறதா?
வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு இங்க்ஜெட் பிரின்டரை வேலை முடிந்ததும் சுவர் சுவிட்சில்தான் அணைப்போம். கரண்ட் மிச்சமாம்! வீணானது மைதான். பிரின்டரின் சொந்தப் பொத்தானை அழுத்தி அணைத்தால்தான் மை பீய்ச்சும் தலைப்பகுதி தன் இடத்துக்குப் போய் மூடிக்கொள்ளும். இல்லாவிட்டால் மை காய்ந்து அடைக்கும். பிறகு ஹெட் கிளீனிங், அதாவது அந்தத் தலைப்பகுதியைச் சுத்தம் செய்யும் கட்டளை, கொடுக்க வேண்டும்; அதுவோ மையைக் குடித்துத்தான் சுத்தம் செய்யும். தொட்டதற்கெல்லாம் அதைக் கொடுக்காதீர்கள். வாரம் ஒரு தடவை சின்னதாக ஒரு கலர் பக்கம் அடித்தால் அடைப்பு குறையும்.

பிள்ளைகளின் கடந்தகால வினாத்தாள்களுக்கு மை குறைவாகச் செலவாகும் டிராஃப்ட் தரமே போதும். அப்புறம், நிறைய அடிப்பவர் என்றால் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா பக்கம் போகும்போது, போத்தலிலிருந்து மை ஊற்றி நிரப்பும் இங்க் டாங்க் பிரின்டர் விலையையும் கேட்டுப் பாருங்கள். வாங்கும்போது கை கடிக்கும்தான். ஆனால் போத்தல் மை பக்கக் கணக்கில் நல்ல மலிவு.