கண்ணு திறக்காத குட்டிக்கு முதல்ல சூடு, அப்புறம்தான் பால்

தாய் இல்லாம ரோட்டோரம் நாய்க்குட்டியோ பூனைக்குட்டியோ கிடைச்சா உடனே பால் ஊத்திடாதீங்க ப்ளீஸ், உடம்பு ஜில்லுனு இருந்தா பால் செரிக்காது, முதல்ல வெந்நீர் பாட்டிலை துண்டுல சுத்தி பெட்டியில ஒரு ஓரமா வைங்க, சூடு அதிகமானா அது நகர்ந்துக்க இடம் வேணும். பசும்பால் வேண்டாம், வயித்தால போயிடும். பெட் ஷாப்புல குட்டிங்களுக்கான பால் பவுடர் இருக்கு, அதை வெதுவெதுப்பா கலக்கி 2-3 மணி நேரத்துக்கு ஒருக்கா, ராத்திரியும்தான். குழந்தை மாதிரி மல்லாக்க போட்டு குடுக்கவே கூடாது, பால் நுரையீரலுக்குள்ள போயிடும், குப்புற வச்சே குடுங்க. இன்னொன்னு நெறைய பேருக்கு தெரியாது, 3 வாரம் வரைக்கும் அதுக்கு தானா மூச்சா, கக்கா போக வராது, அம்மா நக்கி விடும், நாமதான் ஈரப்பஞ்சால மெதுவா தடவி விடணும். சோர்ந்து பால் குடிக்கலைன்னா உடனே டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடுங்க.