லாஃப்ட்டை மச்சு என்று நினைத்து ஏறியவன் எழுதுவது

ஒவ்வொரு தடவை லீவுக்குப் பாளையங்கோட்டை வரும்போதும், மூன்றாம் நாள் காலையில் யாராவது ஒரு அண்ணாச்சி வாசலில் செருப்பைக் கழற்றுவார். "தம்பி, நம்ம பய இங்கிலாந்துல வீடு வாங்கிட்டான். மேல மச்சு சும்மா கெடக்காம். ரூமா மாத்திரலாம்னு சொல்லுதான். நீங்க ஒரு வார்த்தை பேசுதியளா?" இந்த வருஷம் மட்டும் மூன்று பேர். தனித்தனியாகப் பேசித் தொண்டை வறண்டதுதான் மிச்சம், எழுதியே வைத்துவிடுகிறேன். இவர்கள் மச்சு என்பது அங்கே லாஃப்ட், மேல் அறையின் சீலிங்குக்கும் சரிந்த ஓட்டுக் கூரைக்கும் நடுவில் இருக்கிற இடம். இது இங்கிலாந்துக் கணக்கு. ஸ்காட்லாந்தில் சட்டம் வேறு. அங்கே போகிற பிள்ளைகள் அங்கே விசாரித்துக்கொள்ளுங்கள்.

வீடு வாங்குவது அப்புறம். படிக்கவோ வேலைக்கோ வந்து இறங்குகிறவர்களுக்கு முதலில் அமைவது பல நேரம் தெரிந்தவர் வீட்டு லாஃப்ட் அறைதான். வாடகை கொஞ்சம் குறையும், ஜன்னலைத் திறந்தால் வானம். போட்டோ எடுத்து அனுப்பினால் அம்மாவுக்கும் சந்தோஷம். ஆனால் அட்வான்ஸ் கொடுக்குமுன் ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். ஏறுவது நிலையான படியா, இழுத்துவிடும் ஏணியா? ஏணி என்றால் அப்படியே திரும்பிவிடுங்கள். படி இறங்கினால் நேராக முன்வாசலுக்குப் போக முடிகிறதா, இல்லை அடுக்களையைத் தாண்டித்தான் போக வேண்டுமா? தீப்பிடித்தால் ஓடுவதற்கு அது ஒன்றுதான் வழி. ஒவ்வொரு தளத்திலும் புகை அலாரம் இருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு வேறு இடத்தில் இருக்கிற வீட்டுக்காரர் என்றால், அதை மாட்டுவது அவர் கடமை என்று சட்டமே இருக்கிறது.

ஒரே குடும்பமாக இல்லாத ஐந்து பேரோ அதற்கு மேலோ அடுக்களையும் குளியலறையும் பகிர்ந்துகொண்டு இருந்தால், வீட்டுக்காரர் கவுன்சிலில், அதாவது அந்த ஊர் நகராட்சியில், லைசென்ஸ் வாங்கியிருக்க வேண்டும். அந்த மாதிரி வீட்டில் ஒருவர் படுக்கும் அறை 6.51 சதுர மீட்டராவது இருக்க வேண்டும், இருவர் என்றால் 10.22. கூரை சரிந்து 1.5 மீட்டருக்குக் கீழே போகிற இடம் கணக்கில் சேராது. லாஃப்ட்டில் பாதி இடம் அப்படித்தான் கழிந்துபோகும். பையில் ஒரு அளவு டேப் போட்டுக்கொண்டு போங்கள். வீட்டுக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

இனி வீடு வாங்கினவர்களுக்கு. லாஃப்ட்டைப் பார்த்ததும் நமக்கு மச்சு ஞாபகம் வருகிறது பாருங்கள், தப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது. கள்ளிடைக்குறிச்சியில் எங்கள் தாத்தா வீட்டில் ரெண்டாங்கட்டுக்கு மேலே மச்சு. கையால் கட்டிப்பிடிக்க முடியாத உத்திரம், அதன் மேல் நெருக்கமாகப் பனங்கட்டை, அதன் மேல் பலகை. அறுப்பு முடிந்தால் கோட்டை கோட்டையாக நெல் அங்கே ஏறும். கூடவே வெண்கலப் பானைகள், ஆச்சியின் சீதனப் பெட்டி, கோடை லீவில் பேரப்பிள்ளைகள் நாங்கள் ஏழு பேர். ஒரு அசைவு இருக்காது. அது பாரம் தாங்குவதற்கென்றே கட்டினது.

அங்கே லாஃப்ட்டில் காலை வைக்கிற இடம் தளமே கிடையாது. கீழ் அறையின் சீலிங்கைப் பிடித்து நிற்கும் கட்டைகள், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் அவை நான்கு அங்குல உயரம், இரண்டு அங்குல அகலம். சீலிங்கும் இரண்டு அட்டைப்பெட்டியும் தாங்கும். கட்டில், அலமாரி, மனுஷர் என்று ஏற்றினால் வளையும். 1960களுக்குப் பிறகு கட்டின வீடுகளில் பெரும்பாலும் தொழிற்சாலையிலேயே குறுக்குச் சட்டங்களோடு பூட்டி வந்த கூரைச் சட்டகம் இருக்கும், டிரஸ் என்பார்கள். இடைஞ்சலாக இருக்கிறதே என்று அதில் ஒரு சட்டத்தை அறுத்தால் கூரைக்கே ஆபத்து. எஞ்சினியர் கணக்குப் போடாமல் ரம்பம் அங்கே ஏறவே கூடாது.

முறையான வழியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், இதெல்லாம் கவுன்சிலின் இணையப் பக்கத்தில் நீங்களே படித்துக்கொள்ளலாம். உச்சிக் கட்டையிலிருந்து கீழ்க் கட்டை வரை 2.2 மீட்டராவது இருந்தால்தான் பேச்சு. டெரஸ் வீட்டில் (மொட்டை மாடி வீடு இல்லை, சுவரோடு சுவர் ஒட்டி வரிசையாகக் கட்டினது) 40 கன மீட்டர் வரை, தனி வீட்டிலும், இரண்டு வீடு மட்டும் ஒட்டி நிற்கும் செமி-டிடாச்டிலும் 50 வரை கூரையைப் பெருக்கினால், வேறு நிபந்தனைகளும் சரியாக இருந்தால், பிளானிங் பெர்மிஷன் தேவைப்படாது. தெருவைப் பார்த்த சரிவில் துருத்திக்கொண்டு எதுவும் கட்டக் கூடாது. ஃபிளாட்டுக்கு இந்தச் சலுகை இல்லை. அங்கே லாஃப்ட் உங்களுடையதுதானா என்பதையே முதலில் பத்திரத்தில் பார்க்க வேண்டும். புதுத் தளத்தைத் தாங்க அடுத்த வீட்டோடு பொதுவான சுவரில் பீம் ஏற்றினால் 1996-ஆம் வருஷத்துப் பார்ட்டி வால் சட்டப்படி இரண்டு மாதம் முன்னாலேயே நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அப்புறம் வௌவால். நம் ஊர்க் கோயில் மண்டபத்தில் விரட்டுகிற மாதிரி அங்கே விரட்ட முடியாது. அதற்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. அது குடியிருக்கிற இடத்தைக் கலைத்தால் வழக்கு வரும்.

இப்போது நான் விழுந்த குழிக்கு வருகிறேன்.

லூட்டனில் எங்களுடையது பழைய டெரஸ் வீடு. 2013-இல் இரண்டாவது மகள் பிறக்க இருந்தாள். அம்மா வந்து நான்கைந்து மாதம் இருப்பதாக ஏற்பாடு, அறை போதவில்லை. மூன்று பேரிடம் விலை கேட்டேன். இரண்டு பேர் முப்பதாயிரம் பவுண்டுக்கு மேல் சொன்னார்கள். மூன்றாவது ஆள் பதினாறாயிரம். நம்ம பக்கத்து ஆள், பேச்சில் தாமிரபரணி ஓடும். "அண்ணாச்சி, டெரஸ் வீட்டு லாஃப்ட்டுக்கு பெர்மிஷனே வேண்டாம். கவுன்சில்காரனே போட்டிருக்கான், பாத்துக்கிடுங்க" என்றார். நானும் பார்த்தேன். உண்மையிலேயே போட்டிருந்தது.

பொய் சொல்லியிருந்தால் நான் பிடித்திருப்பேன். அவர் சொன்னது உண்மை, ஆனால் பாதிதான். அங்கே இரண்டு அனுமதி இருக்கிறது. பிளானிங் என்பது வெளியே இருந்து பார்க்கிறவனுக்கு வீடு எப்படித் தெரிகிறது என்பது பற்றியது. பில்டிங் ரெகுலேஷன்ஸ் என்பது உள்ளே படுத்திருக்கிறவன் உயிர் பற்றியது: தளம் தாங்குமா, தீயில் தப்பிக்க முடியுமா, படியில் தலை இடிக்குமா, குளிர் நிற்குமா. முதலாவது வேண்டாமல் போகலாம். லாஃப்ட்டை மனுஷர் புழங்கும் அறையாக்கினால் இரண்டாவது கட்டாயம் வேண்டும், விதிவிலக்கே இல்லை. நம் ஊரில் பிளான் அப்ரூவல் என்று ஒரு சொல்தான், அது வந்துவிட்டால் எல்லாம் வந்தது. அப்புறம் மொட்டை மாடியில் ஒரு அறை தூக்கினாலும் யார் வந்து கேட்கிறார்கள்? அந்தப் புத்தியோடு போனவனுக்கு இரண்டு சொல்லும் ஒன்றாகத்தான் கேட்கும்.

ஆறு வாரத்தில் வேலை முடிந்துவிட்டது. அவ்வளவு சீக்கிரம் முடிந்ததே எனக்கு உறுத்தியிருக்க வேண்டும். அடுத்த வீட்டுக்கு நோட்டீஸ் போகவில்லை. ஏன் போகவில்லை? சுவரில் பீம் ஏற்றவே இல்லை, அதனால். சுவருக்கு மேல் பிளாஸ்டர்போர்டு என்கிற ஜிப்சம் பலகையை அடித்து மூடுமுன், கட்டட இன்ஸ்பெக்டர் என்று ஒருவர் வந்து பார்க்கவில்லை. நானோ சுவருக்கு என்ன நிறம் என்று வீட்டுக்காரியோடு வாதாடிக்கொண்டிருந்தேன்.

அம்மா வந்தாள். ஏறிப் பார்த்துவிட்டு, "ஏ, நம்ம மச்சு மாதிரில்லா இருக்கு" என்று பத்தமடைப் பாயை விரித்துக் கீழேதான் படுத்தாள், கட்டில் வேண்டாம் என்று. டிசம்பர் வந்தது. ஒருநாள் பாயைச் சுருட்டும்போது அடியில் கறுப்புக் கறுப்பாகப் பூஞ்சை. கூரைச் சரிவில் குளிர் தடுக்கும் பஞ்சை இடைவெளி விடாமல் திணித்திருக்கிறார்கள். ஓட்டுக்கு அடியில் காற்றோட வழி விட வேண்டும், பொதுவாக 50 மில்லிமீட்டர். அது இல்லாததால் நம் மூச்சுக்காற்றின் ஈரமே உள்ளே நின்று நீராகிச் சுவரோரம் இறங்கியிருக்கிறது. அந்த ஆளைக் கூப்பிட்டேன். "ஜன்னலைத் தொறந்து வைங்க அண்ணாச்சி" என்றார். வெளியே மைனஸ் மூன்று.

ஈரம் சின்ன விஷயம். பெரியது 2021-இல் வீட்டை விற்கப் போனபோது வந்தது. மூன்று படுக்கையறை என்று விளம்பரம் போட்டிருந்தோம். வாங்குகிறவரின் வக்கீல் ஒரே வரியில் கேட்டார்: லாஃப்ட்டுக்குக் கம்ப்ளீஷன் சர்டிபிகேட் எங்கே? வேலை சரியாக முடிந்தது என்று, பில்டிங் ரெகுலேஷன்ஸைச் சரிபார்க்கும் பில்டிங் கண்ட்ரோல் கொடுக்கும் காகிதம் அது. அது இல்லாமல் அந்த இடத்தைப் படுக்கையறை என்று சொல்லி விற்கவே முடியாது என்றார்கள்.

பதற்றத்தில் நான் செய்த இரண்டாவது முட்டாள்தனம் இது, நன்றாகக் கவனியுங்கள். நேர்மையாக இருப்போம் என்று கவுன்சிலுக்கே போன் போட்டுவிட்டேன். அதன் பிறகுதான் என் வக்கீல் சொல்கிறார், இதற்கென்று இன்டெம்னிட்டி இன்ஷூரன்ஸ் உண்டு, விற்கிறவர்கள் பலர் அதை எடுத்துக் கொடுத்து முடித்துக்கொள்வார்கள் என்று. ஆனால் கவுன்சிலோடு ஏற்கெனவே பேசியவருக்கு அதைப் பொதுவாகத் தரமாட்டார்கள். வக்கீலைக் கேட்காமல் போனைத் தொடாதீர்கள் என்று சொல்லலாம்தான். ஆனாலும் அந்த இன்ஷூரன்ஸ் கவுன்சில் நடவடிக்கை எடுத்தால் ஆகும் செலவுக்குத்தான். தளம் வளைவதை அது நிறுத்தாது. அதனால் அந்தப் போனுக்காக இன்றைக்கு நான் முழுசாக வருத்தப்படவும் இல்லை.

மிஞ்சிய வழி ரெகுலரைசேஷன். 11 நவம்பர் 1985-க்குப் பிறகு அனுமதியில்லாமல் செய்த வேலைக்கு கவுன்சிலிடம் பின்னாளில் விண்ணப்பிக்கலாம். இன்ஸ்பெக்டர் வந்தார், மரியாதையான மனுஷர். தரைப் பலகையில் ஒரு மூலையையும் பிளாஸ்டர்போர்டில் இரண்டு இடத்தையும் பிரிக்கச் சொன்னார். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். அதே நாலு அங்குலக் கட்டை. நூறு வருஷத்துக் கட்டையின் மேலேயே பலகையை அறைந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நடுவில் ஒன்று கீறல் விட்டிருந்தது. என் அம்மா அதன் மேலே நான்கு மாதம் படுத்திருந்தாள், என் மகள்கள் எட்டு வருஷம் குதித்து விளையாடினார்கள்.

கதவுகளும் தேறவில்லை. இரண்டு மாடி வீடு லாஃப்ட்டோடு மூன்று மாடி ஆகிவிடுவதால், மேலிருந்து முன்வாசல் வரை படிக்கட்டைச் சுற்றி முப்பது நிமிஷம் தீ தாங்கும் அடைப்பு வேண்டும். அந்தப் படிக்குத் திறக்கும் அறைகளுக்கெல்லாம் தீக்கதவு, ஒன்று அடித்தால் எல்லாம் சேர்ந்து அடிக்கும் அலாரம். இரண்டு ஸ்டீல் பீம், புதுக் கட்டைகள், பஞ்சைப் பிரித்து மறுபடி வைத்தது, கதவுகள் எல்லாம் சேர்த்து பத்தொன்பதாயிரம் ஆயிற்று. பீமுக்கு நோட்டீஸ் கொடுக்கப் போனபோது அடுத்த வீட்டு மூதாட்டி கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, போன தடவை ஏன் கேட்கவில்லை என்றாள். பதில் சொல்ல வாய் வரவில்லை. வாங்க வந்தவர் அதற்குள் வேறு வீடு பார்த்துப் போய்விட்டார்.

நம்ம பக்கத்து ஆளின் நம்பர் அதற்கு ரொம்ப நாள் முன்பே அணைந்திருந்தது. ஊர்க்காரரை நம்பாதீர்கள் என்று சொல்ல எனக்கு மனசு வராது. எனக்கு முதல் வேலை வாங்கித் தந்தவரும் ஊர்க்காரர்தான். ஆனால் காசு விஷயத்தில் ஒரு ஏற்பாடு வைத்துக்கொள்ளுங்கள்: கடைசித் தவணையைக் கம்ப்ளீஷன் சர்டிபிகேட் கைக்கு வந்த பிறகுதான் தருவேன் என்று முதலிலேயே எழுதி வாங்குங்கள். ஒத்துக்கொள்கிற ஆள் வேலை தெரிந்தவர். லாஃப்ட் அறையோடு வீடு வாங்குகிறவர்களும் விளம்பரத்தைக் கவனியுங்கள். படுக்கையறை என்று போடாமல் நைசாக "லாஃப்ட் ரூம்" என்று போட்டிருந்தால், அந்தக் காகிதம் இல்லை என்று வைத்துக்கொண்டே விலை பேசுங்கள்.

நேற்று வந்த அண்ணாச்சியின் மகனோடு ராத்திரி வாட்ஸாப்பில் பேசினேன். லெஸ்டரில் இருக்கிறான், கெட்டிக்காரப் பையன். "பெர்மிஷன் வேண்டாமாம் அண்ணே, நான் செக் பண்ணிட்டேன்" என்றான். எனக்கு 2013 ஞாபகம் வந்தது. அடுத்த வீட்டுக்கு நோட்டீஸ் கொடுத்தாச்சா என்றேன். "அது எதுக்கு?" என்றான். கொட்டேஷனைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். காலையில் வந்திருக்கிறது. ஒரே பக்கம். பெயின்ட் எத்தனை கோட் என்று இருக்கிறது, ஜன்னலின் நிறம் இருக்கிறது, பீம் என்ற சொல் எங்கேயும் இல்லை. அட்வான்ஸ் நாளைக்காம். இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டேன், இன்னும் எடுக்கவில்லை.