உறைந்த ஓடையைப் படமெடுக்கும்போது செய்யும் தவறுகள்: முதலில் கறுப்பைப் பாருங்கள்

குளிர்கால ஓடைப் படங்கள் பலவற்றில் எடுத்தவர் அங்கே நின்று அடைந்த பரவசத்தில் கால்வாசிகூட இருப்பதில்லை. வெள்ளையாக நிறைய இருக்கும், நடுவில் எங்கோ கொஞ்சம் தண்ணீர், மேலே சாம்பல் நிறத்தில் ஒரு வானம், அவ்வளவுதான். இதற்குக் கேமராவைக் குறை சொல்லிப் பயனில்லை. கண் பனியிலேயே நின்றுவிடுகிறது, ஆனால் படத்தைத் தாங்குவது பனிக்கு நடுவே ஓடும் கறுப்புத் தண்ணீர். அந்தக் கறுப்பின் உருவம் சரியாக அமையாவிட்டால் பனிக்கட்டி எவ்வளவு அழகாகத் தொங்கினாலும் படம் நிற்காது. இனி சொல்லப்போகிற தவறுகளில் பாதிக்கு மேல் இதிலிருந்து கிளைத்தவைதான்.

ஓடை முதலில் உறைவது கரையோரத்திலும் தண்ணீர் மெதுவாக நகரும் இடங்களிலும்தான். வேகமாக ஓடும் நடுப்பகுதி கடைசிவரை திறந்திருக்கும், அதனால் வெள்ளைப் பரப்பில் வளைந்து வளைந்து போகிற ஒரு கறுப்புக் கோடு தானாகவே கிடைக்கிறது. புதுப்பனி தன்மேல் விழும் ஒளியில் 80 முதல் 90 சதவீதம் வரை திருப்பி அனுப்பிவிடும். திறந்த தண்ணீரை மேலிருந்து பார்த்தால் அதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. இவ்வளவு பெரிய வேறுபாடு ஃப்ரேமில் இருக்கும்போது கண் முதலில் அங்கேதான் போகும், நீங்கள் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும். ஆகவே அந்தக் கோடு எங்கே நுழைகிறது, எங்கே வளைகிறது, எங்கே மறைகிறது என்று பார்த்துவிட்டு அப்புறம் மற்றதைப் பாருங்கள். கோடு சரியாக ஃப்ரேமின் மூலைக்குள் போய் விழுந்தால் பார்வையும் அதோடு வெளியே போய்விடும், மூலையிலிருந்து கொஞ்சம் தள்ளி நுழையவிடுங்கள். பாதி வழியில் ஒரு பாறை மறித்துக் கோடு இரண்டு துண்டாகிவிட்டதென்றால் இரண்டடி நகர்ந்து பாருங்கள், பெரும்பாலும் அதுவே போதும்.

இதைச் சுலபமாக்க ஒரு வழி இருக்கிறது. ரா கோப்பாக (கேமரா பதிந்த தகவல் அப்படியே இருக்கும் கோப்பு) எடுத்துக்கொண்டே திரையை மட்டும் கறுப்பு வெள்ளையாக மாற்றிவிடுங்கள். நிறங்கள் கோப்பில் பத்திரமாக இருக்கும், ஆனால் பார்க்கும்போது உருவம் மட்டும் தெரியும்.

தாழ்வாக உட்கார்ந்து எடுங்கள் என்ற அறிவுரையை எல்லோரும் சொல்கிறார்கள், எனக்கு அதில் பாதி உடன்பாடுதான். கேமரா தாழத் தாழ ஓடையின் வளைவுகள் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு, கடைசியில் ஒரு மெல்லிய கறுப்புப் பட்டைதான் மிஞ்சும். வளைவுதான் உங்களுக்குப் பிடித்தது என்றால் எழுந்து நில்லுங்கள், முடிந்தால் கரையின் மேட்டில் ஏறுங்கள். கரையோரத்துப் பனிக்கட்டி விளிம்போ தொங்கும் ஊசிகளோ பிடித்திருந்தால் மட்டும் தாழப் போங்கள், அப்போதும் ஒட்டிப் போங்கள். வைட் ஆங்கிள் லென்ஸைப் போட்டுக்கொண்டு தூரத்தில் நின்றால் எல்லாமே சிறுத்துப்போய், வெறும் பனி மட்டும் ஃப்ரேமை நிரப்பும்.

வெள்ளை மேல் வெள்ளையை வைப்பதுதான் அதிகம் பேர் கவனிக்காத தவறு. பனிக்கட்டி ஊசி நேரில் பளபளவென்று மின்னுகிறது, படத்தில் காணவில்லை, ஏனென்றால் அதற்குப் பின்னால் பனி மூடிய கரை இருக்கிறது. அதே ஊசி பின்னால் இருண்ட தண்ணீர் வருகிற மாதிரி அமைந்தால் ஒவ்வொரு கணுவும் தெரியும், எதிரிலிருந்து ஒளியும் வந்தால் சொல்லவே வேண்டாம். இதற்குத் தேவைப்படும் நகர்வு சில சென்டிமீட்டர்தான், ஆனால் ட்ரைபாடை முதலில் நட்டுவிட்டவர்கள் அந்த நகர்வைச் செய்வதே இல்லை. கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு இடத்தைத் தேடுங்கள், ட்ரைபாட் கடைசியில் வரட்டும். தண்ணீருக்குள் இருக்கும் பாறைகளின் மேல் பனி குல்லாய் போட்டிருக்கும் இடங்களிலும் இதே கதைதான். இரண்டு குல்லாய்கள் ஒட்டித் தெரிந்தால் ஒரு வெள்ளைக் குவியல், கேமராவைச் சற்று உயர்த்தி நடுவே கறுப்பு இடைவெளி வரவைத்தால் தனித்தனிப் பாறைகள்.

வானம் மேகமூட்டமாக வெளுத்திருந்தால் அதை வெட்டிவிடுங்கள். பனிக்கும் வானத்துக்கும் எல்லை தெரியாத படத்தில் வானம் இருந்து என்ன லாபம்?

வந்த வேகத்தில் நேராக ஓடைக்கு இறங்கிவிடுவது இன்னொன்று. புதுப்பனியில் பதிந்த கால்தடத்தை அழிக்க முடியாது, நீங்கள் கடைசியில் கண்டுபிடிக்கும் நல்ல கோணம் அநேகமாக அந்தத் தடங்களைப் பார்த்தபடிதான் இருக்கும். சுற்றி வந்து, தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, எந்தப் பக்கம் படத்துக்குள் வராது என்று தெரிந்த பிறகு இறங்குங்கள்.

எக்ஸ்போஷர், அதாவது படத்துக்குள் எவ்வளவு ஒளி விடுவது என்ற விஷயம், பலருக்குத் தெரிந்ததுதான். கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும், அதனால் பனி அழுக்காகத் தெரியும். 1940 வாக்கில் அமெரிக்கப் புகைப்படக்காரர்கள் ஆன்செல் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் உருவாக்கிய, கறுப்பிலிருந்து வெள்ளைவரை படிகளாகப் பிரிக்கும் ஸோன் முறையில் நடுச்சாம்பல் 5ஆம் ஸோன், அமைப்பு தெரியும் பனி 7, 8 ஸோன்களில் வரும், ஒரு ஸோன் என்பது ஒரு ஸ்டாப், அதாவது ஒளி இருமடங்காவது அல்லது பாதியாவது. மீட்டர் சொல்வதற்கு மேல் 1 முதல் 2 ஸ்டாப் கூட்டுங்கள் என்று இன்றும் சொல்வதற்குப் பின்னால் இருப்பதும் இதே எண்ணம்தான். ஹிஸ்டோகிராமை (ஒளி அளவுகளைக் காட்டும் வரைபடத்தை) மூன்று நிறங்களுக்கும் தனித்தனியாகப் பாருங்கள், நிழலில் கிடக்கும் பனியில் நீலம் முதலில் அளவு மீறி வெடித்து விவரம் போய்விடும். தண்ணீர் கறுத்துப்போகிறதே என்று கவலைப்படாதீர்கள், கறுக்கட்டும். எடிட்டிங்கில் ஷேடோவை ஏற்றி ஓடையின் அடியில் கிடக்கும் இலைகளையெல்லாம் வெளியே கொண்டுவருகிறவர்கள் இருந்த ஒரே கோட்டையும் சேறாக்கிவிடுகிறார்கள்.

ஷட்டர் வேகத்திலும் அதே ஆபத்து உண்டு. ஒளியைக் குறைக்கும் 10 ஸ்டாப் என்டி ஃபில்டரை மாட்டி 30 விநாடி திறந்துவைத்தால் நுரைத்து விழும் தண்ணீர் முழுக்கப் பால்வெள்ளையாகிவிடும், வெள்ளைப் பனிக்கு நடுவே வெள்ளைத் தண்ணீர்! கால் விநாடி முதல் ஒரு விநாடிக்குள் எடுத்தால் ஓட்டத்தின் இழைகள் தெரியும், இடையிடையே கறுப்பும் மிஞ்சும். நீண்ட எக்ஸ்போஷருக்கு ஏற்ற இடம் நுரைத் துணுக்குகள் சுழன்றுகொண்டிருக்கும் மடு, அங்கே அவை கறுப்பின் மேல் வட்டம் வரைந்து கொடுக்கும்.

போலரைசரை (பிரதிபலிப்பைக் குறைக்கும் ஃபில்டரை) முழுக்கத் திருப்பிவிட்டு மறந்துபோவதும் நடக்கிறது. நீர்ப்பரப்பை சுமார் 37 டிகிரி சாய்வில் பார்க்கும்போது அது பிரதிபலிப்பை ஏறக்குறைய முழுவதுமாக நீக்கிவிடும். ஈரப் பாறையின் பளபளப்பைக் குறைக்க நல்லது. ஆனால் எதிர்க்கரையில் படும் மாலை வெயில் தண்ணீரில் பொன்னாகத் தெரிகிறதென்றால், அந்த ஃப்ரேமில் இருக்கும் ஒரே நிறம் அதுவாகக்கூட இருக்கலாம், அதையும் சேர்த்துத்தான் துடைத்துவிடும். வ்யூஃபைண்டரில் பார்த்துக்கொண்டே மெதுவாகத் திருப்புங்கள், பாதியில் நிறுத்தலாம். 1 முதல் 2 ஸ்டாப் ஒளி போகும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

நிழலில் பனி நீலமாக இருப்பது வானத்தின் ஒளியால். நிறச்சாயலைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸில் அதை முழுக்கத் துடைத்தால் குளிரும் கூடவே போய்விடும், கொஞ்சம் விட்டுவையுங்கள். அப்பர்ச்சரை எஃப் 22 வரை சுருக்கினால், சிறிய துளையில் ஒளி விலகிப் பரவும் டிஃப்ராக்‌ஷனால் கூர்மை குறையும். எஃப் 8 முதல் எஃப் 11 வரை வைத்து, முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஒரே ஃபோகஸில் அடங்காவிட்டால் இரண்டு மூன்று படங்களாக எடுத்து இணைத்துக்கொள்ளலாம்.

நல்ல கோணத்துக்காக உறைந்த ஓடையின் மேல் ஏறி நிற்பது மட்டும் வேண்டவே வேண்டாம். ஓடும் தண்ணீரின் மேல் படியும் பனிக்கட்டியின் தடிமன் அடிக்கு அடி மாறும். நீர்மட்டம் இறங்கியிருந்தால் அடியில் வெறும் வெற்றிடம்தான் இருக்கும், மேலே பனி மூடியிருப்பதால் கரை எங்கே முடிகிறது என்பதும் தெரியாது. அங்கே நின்றால்தான் படம் அமையும் என்றால் அந்தப் படத்தை விட்டுவிட்டு, கரையிலிருந்தே நீளமான லென்ஸில் ஓடையின் ஒரு துண்டை மட்டும் எடுங்கள். ட்ரைபாடின் கால்களையும் பனிக்கட்டி மேல் வைக்காமல் பனியைத் துளைத்துத் திடமான தரை தட்டும்வரை அழுத்துங்கள், எக்ஸ்போஷர் நடுவே ஒரு கால் மெதுவாக அமிழ்ந்தாலும் கலங்கிய படம்தான் கிடைக்கும். கூடுதல் பேட்டரியை உள்சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், குளிரில் அது சீக்கிரம் இறங்கும். வெதுவெதுப்பான அறைக்குள் நுழையும் முன்பே கேமராவை ஒரு பையில் போட்டு இறுக மூடி, அறையின் சூட்டுக்கு வரும்வரை திறக்காமல் விடுங்கள், இல்லையென்றால் ஈரம் முழுக்க அதன் மேலும் உள்ளேயும் படியும்.